ஆர்கனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி

(திருச்சபைப் பாடகர் குழுவினருக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சபையின் இசை ஊழியத்துக்கு ஆட்களை உருவாக்குவது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று நம் ஆலயங்களில் கருவிகளுக்குக் குறைவில்லை. நல்ல கீபோர்டு இருக்கிறது, மிக்சர் இருக்கிறது, நான்கைந்து மைக் இருக்கிறது. ஆனால் ஆர்கன் வாசிக்கிற ஐயாவுக்கு ஒரு ஞாயிறு காய்ச்சல் வந்துவிட்டால் சபை தவித்துப் போகிறது. யாரோ ஒருவர் போனை மைக்கில் வைத்து டிராக் போடுகிறார். அறுப்பின் பண்டிகை, அசனப் பண்டிகை என்றால் வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கிறோம். அந்த ஐயாவுக்குப் பிறகு யார் என்று கமிட்டியில் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

நம் பிள்ளைகளிடம் திறமை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. தெருவுக்கு ஒரு பிள்ளை கீபோர்டு வகுப்புக்குப் போகிற காலம் இது. பாடுகிற பிள்ளைகள் பள்ளி விழாக்களில் பரிசு வாங்கி வருகிறார்கள். குறை நம்மிடம் இருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிவிடுகிற வேலையை நாம் விட்டுவிட்டோம். தானாக வளர்ந்து, தயாராகி, ஒரு நாள் கதவைத் தட்டி வரப்போகிற ஆளுக்காகக் காத்திருக்கிறோம்.

இந்த வேலையை வேதாகமம் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்று பாருங்கள். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்று மூன்று தலைவர்கள். அவர்களுக்குக் கீழே பாடலில் பழக்கப்பட்டவர்கள் 288 பேர். முறைவரிசைக்குச் சீட்டுப் போட்டபோது 24 பிரிவுகள், பிரிவுக்கு 12 பேர். ஏமானுக்கு 14 மகன்களும் 3 மகள்களும். பிள்ளைகள் தகப்பனின் கைக்குக் கீழே பாடினார்கள். எட்டாம் வசனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டுப் போடும்போது பெரியவர் சிறியவர் என்றோ, ஆசான் மாணாக்கன் என்றோ வேற்றுமை பார்க்கவில்லை. அப்படியானால் ஒவ்வொரு முறையிலும் தேர்ந்தவரும் கற்றுக்கொள்பவரும் கலந்துதான் நின்றிருப்பார்கள். நன்றாகக் கற்று முடித்துவிட்டு ஆலயத்துக்கு வா என்று மாணாக்கனிடம் யாரும் சொல்லவில்லை. ஆராதனைக்குள்ளேயே அவன் கற்றுக்கொண்டான்.

பதினைந்தாம் அதிகாரத்தில் கெனானியா என்று ஒருவர் வருகிறார். லேவியருக்குள் சங்கீதத் தலைவர் அவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. அவர் தேர்ந்தவர் என்பதால் அந்த வேலை. நம் சபைகளில் தேர்ந்தவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? சோலோ கொடுக்கிறோம்.

ஐரோப்பாவின் பெரிய இசைமேதைகளில் ஒருவரான பாக், 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை, லைப்சிக் நகரில் புனித தோமா பள்ளியில் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கிற பொறுப்பில் இருந்தார். ஆலயங்களுக்குப் பாடகர் குழுவை அனுப்புவது அவர் கடமை. 1730-இல் நகர மன்றத்துக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் தன் மாணவர்களைக் கணக்கெடுத்துச் சொல்கிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தயாராகவில்லை, 17 பேர் இதற்கு உதவமாட்டார்கள். பாக் கையில் இருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர்தான் தேறினார்கள். ஆகவே உங்கள் பாடகர் குழுவில் பத்துப் பேர் வந்து நான்கு பேர்தான் சுருதி சேர்ந்து பாடுகிறார்கள் என்றால் சோர்ந்துபோகாதீர்கள். இன்னும் தயாராகாத அந்த இருபது பேர்மேல்தான் நம் கண் இருக்கவேண்டும்.

நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்த் திருச்சபைக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது? முதலில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் பாடினார்கள். பிறகுதான் தஞ்சாவூரிலிருந்து கீர்த்தனை பெருகி வந்தது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறு வயதில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துப் போனார். பின்னாளில் மன்னரான சரபோஜி உடன் படித்தவர். சிறுவன் வேதநாயகத்தைப் படிக்கவைத்து, தரங்கம்பாடிக்கும் அனுப்பிப் படிக்கவைத்து, இளம் வயதிலேயே பள்ளிக்கூடப் பொறுப்பையும் கையில் கொடுத்தார்கள். அப்படி வளர்க்கப்பட்ட ஒருவர்தான் பெத்லகேம் குறவஞ்சியும் ஞான ஏற்றப்பாட்டும் ஞானத் தச்ச நாடகமும் எழுதினார். அவருடைய மகள் ஞானதீபம் அம்மாளும் பாட்டில் தேர்ந்தவர். வழிவந்த குடும்பத்தார் கதாகாலட்சேபத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி ஆராதனைக்கான நூலாக அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. இன்று நம் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆபிரகாம் பண்டிதரையும் சொல்லவேண்டும். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போன இடத்தில் இசையும் கற்றார். தஞ்சையில் வாழ்ந்தபோது, தமிழ்ப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் தெலுங்கு உருப்படிகளை மனப்பாடம் செய்வதைப் பார்த்து, 96 தமிழ்ப் பாடல்களைச் சுரக் குறிப்போடு 1907-இல் வெளியிட்டார். கருணாமிர்த சாகரத் திரட்டு என்பது அந்த நூல். கருணாமிர்த சாகரம் என்ற பெரும் ஆய்வுநூல் 1917-இல்தான் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: பிள்ளைகளுக்கான பாடப்புத்தகம் முதலில், அறிஞர்களுக்கான ஆராய்ச்சி பிறகு. 1916-இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டுக்கு அவர் போனபோது, மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வீணையோடு உடன் போனார்கள். தகப்பனார் சுருதிகளைப் பற்றிப் பேசினார், பிள்ளைகள் அதை வாசித்துக் காட்டினார்கள். சாட்சி சொல்வதற்குப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தார்.

இந்த இருவரிடமும் நாம் கற்கவேண்டிய பாடம், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவது; அதற்குப் பெரிய பள்ளி நடத்தவேண்டும் என்பதில்லை. எனக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்த பாடகர் குழுத் தலைவர் ஐயா எந்த இசைப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. அவர் எங்களைப் பழக்கிய முறையைச் சொல்கிறேன். அப்போது காலால் மிதிக்கிற ஆர்கன். பெஞ்சின் இடது ஓரத்தில் ஒரு பிள்ளைக்கு எப்போதும் இடம் இருக்கும். முதல் வேலை புத்தகத்தில் பக்கம் புரட்டுவது. அவர் தலையை அசைப்பதற்கு முன்னால் புரட்டவேண்டும் என்றால் பாட்டு எங்கே போகிறது என்று கண் பின்தொடரவேண்டும். அப்படித்தான் நோட்டு வாசிக்கக் கற்றோம். சில மாதம் கழித்து, ஜெபங்களின் முடிவில் வருகிற ஆமெனை மட்டும் நாங்கள் வாசிக்கவேண்டும். இரண்டே கார்டு. ஆனால் சபை முழுவதும் அந்த இரண்டு கார்டின்மேல் ஏறி நிற்கும். கை நடுங்கும். அடுத்த ஆண்டு காணிக்கைப் பாட்டின் கடைசிச் சரணம். அவர் கையை எடுத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். தவறினால் இடது கையால் ஒரு பேஸ் சுரத்தைத் தொட்டுக் கொடுப்பார், சபைக்குத் தெரியாது. ஒரு பிள்ளை முழு ஆராதனைக்கும் வாசிக்கிற நாள் வரும்போது, அந்தப் பிள்ளை ஏற்கெனவே சபையின் மூச்சை அறிந்திருக்கும். எங்கே பெரியவர்கள் இழுப்பார்கள், எங்கே பிள்ளைகள் ஓடுவார்கள் என்பது கைக்குத் தெரிந்திருக்கும்.

இதை எந்த ஆன்லைன் வகுப்பும் தராது. தனியாக வீட்டில் வாசிப்பது வேறு, முந்நூறு பேரைப் பாடவைப்பது வேறு. கிரேடு தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ஆலயத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைமேல் குற்றம் இல்லை. சபையோடு சேர்ந்து வாசிக்கிற பயிற்சியை அந்தப் பிள்ளைக்கு யாரும் கொடுக்கவில்லை.

இப்போது சில நுட்பமான காரியங்கள். முதலாவது சுருதி. ஒரு பாடகர் ஸ்டூடியோவில் உச்சக்குரலில் பாடிப் பதிவு செய்த பாட்டை அதே ஸ்கேலில் ஆலயத்தில் எடுக்கிறோம். முதல் சரணத்தில் சபை பாடுகிறது, கோரஸ் வந்ததும் நின்றுவிடுகிறது. மேடையில் இருப்பவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பதால் அது அவருக்குத் தெரிவதில்லை. ஒரு கீர்த்தனை மேல்ஸ்தாயி காந்தாரம்வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கட்டையில் எடுத்தால் காலை எட்டு மணிக்கு அந்த இடத்தில் பாதிப்பேர் குரல் ஏறாது. ஆறரைக் கட்டைக்கு இறக்குங்கள். கீழ்ப் பஞ்சமத்தில் குரல் கொஞ்சம் மெலியும். பரவாயில்லை, யாரும் வாயை மூடமாட்டார்கள். ஆராதனை நடத்துகிற ஒவ்வொரு தம்பியும் தங்கையும் பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, அதன் மிக உயர்ந்த சுரம் எது, மிகத் தாழ்ந்த சுரம் எது என்று கண்டுபிடித்துக் குறித்துவைப்பது. உங்கள் குரலுக்கு எது வசதி என்பது இரண்டாவது கேள்வி.

அடுத்தது தாளம். இன்றைய கீபோர்டில் ஸ்டைல் இருக்கிறது; பொத்தானை அழுத்தினால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து வரும். வசதிதான். ஆனால் அதில் பெரும்பாலும் நான்கடியும் மூன்றடியும்தான் கைக்கு எட்டும். மிஸ்ரசாபுவில், அதாவது ஏழு எண்ணிக்கையில் அமைந்த கீர்த்தனையை நான்கடி ஸ்டைலில் திணித்தால் ஒரு அடி வெறுமனே நீளும். சபை அந்த இடத்தில் இழுத்து நிரப்புகிறது. பத்து ஆண்டில் அந்த இழுப்பே மெட்டாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சரியான நடை எது என்று காதுக்கே தெரியாமல் போய்விட்டது. அதேபோல டிரான்ஸ்போஸ் பொத்தான். சி மேஜரும் ஏ மைனரும் மட்டும் கற்றுக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொத்தானால் மாற்றிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆராதனை நடுவில் யாராவது வேறு சுருதியில் பாட்டை எடுத்துவிட்டால் அவர்களால் தேடிப் பிடிக்கமுடியாது. கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் இரண்டு ஆண்டு ஸ்டைலையும் டிரான்ஸ்போஸையும் தொடவிடாதீர்கள். தாளத்தைக் கையால் போட்டுப் பாடச் சொல்லுங்கள். எடுப்பு எங்கே என்று தொடையில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நாலு குரலில் பாடுவது பற்றியும் ஒரு வார்த்தை. 1841-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஞாயிறுபள்ளி ஆசிரியர்கள் கூடி, பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்துத் தரும்படி ஜான் கர்வென் என்ற இளம் ஆயரைக் கேட்டார்கள். நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற அம்மையார் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த முறையை அவர் எடுத்து விரித்தார். அதுதான் டோனிக் சால்ஃபா. பியானோ வாங்க வசதியில்லாத தொழிலாளர் பிள்ளைகள் அதைக்கொண்டு நான்கு குரலில் பாடினார்கள். மிஷனெரிகளோடு அது உலகம் சுற்றி நம்மிடமும் வந்தது. தென்மாவட்ட ஆலயங்களின் பழைய பாடகர் குழு நோட்டுகளில் அதன் சுர எழுத்துகளைப் பார்க்கலாம். அதில் டோ இடம் மாறும். நம் ஸட்ஜமும் அப்படித்தான். சரளிவரிசை தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அதிக நாள் தேவையில்லை. ஆல்டோவும் டெனரும் கேட்டே எத்தனை காலமாயிற்று என்று வருந்துகிற சபைகள் இதை மறுபடி கையில் எடுக்கவேண்டும்.

பையன்களைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை அழகாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு விழுகிறது. குரல் உடைந்து, ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே என்று ஓடுகிறது. கூட இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கேரல் ரவுண்டுக்குப் போவதோடு நிறுத்திக்கொள்கிறான். நாமும் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஓரிரு ஆண்டில் குரல் சேர்ந்துவிடும், ஆனால் பையன் திரும்பி வருவதில்லை. நம் ஆலயங்களில் ஆண் குரல் குறைந்ததற்கு இது பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் காலத்தில் அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். தபேலாவில் உட்காரவையுங்கள், மிக்சரைக் கற்றுக்கொடுங்கள், நோட்டு எழுதச் சொல்லுங்கள். குரலுக்கு வசதியான நாலைந்து சுரத்துக்குள் பேஸ் பகுதியைப் பாடவையுங்கள். பாடகர் குழுவின் பெஞ்சிலிருந்து மட்டும் எழுப்பிவிடாதீர்கள்.

யாரை நாம் பழக்குகிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் இந்தச் சொற்பொழிவு நேர்மையானதாக இருக்காது. சாஸ்திரியாரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனெரிகளோடு அவருக்குப் பெரிய மோதல் வந்து, பணியை இழந்தார். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்கக்கூடாது என்று அவர் வாதாடினார். அதில் அவர் பக்கம்தான் நியாயம். அதே வாதத்தில், சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுவிடச் சொல்வதையும் அவர் எதிர்த்தார். அதில் அவர் தவறினார். நாம் அவருடைய பாட்டைப் பெற்றுக்கொண்டோம். அந்தத் தவறையும் கொஞ்சம் சேர்த்துப் பெற்றுக்கொண்டோமோ என்று நம்மை நாமே கேட்கவேண்டும்.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் பரட்டை அண்ணன் என்று நாம் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஐயர். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார், 2005-இல் காலமானார். கிராமத்துச் சபைகளில் பெரும்பான்மையோர் தலித் மக்களாக இருக்க, கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும்தான் ஆராதனைக்குத் தகுதியானவை என்று வைத்திருப்பது அவர்களுடைய நாவைக் கட்டுவது என்றார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறைமையே அமைத்தார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அவரிடம் படித்த மாணவர்கள் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். அவருடைய பாட்டில் எனக்குப் பிடித்த குணம், அது யாருக்கும் சொந்தமாகும். ஓர் அம்மா அதில் தன் வரி ஒன்றைச் சேர்த்துப் பாடமுடியும். நான் கீர்த்தனையில் வளர்ந்தவன், இன்றைக்கும் கீர்த்தனையைத்தான் அதிகம் கற்பிக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், பறை அடிக்கிற கையை நம் இசை ஊழியத்துக்கு வெளியே நிறுத்துகிற சபை, ஆட்கள் இல்லை என்று குறைசொல்ல உரிமை இல்லாத சபை.

பெண் பிள்ளைகள் விஷயமும் அப்படியே. பாடுவதற்கு அழைக்கிறோம். ஆர்கனில் உட்காரவும், குழுவை நடத்தவும், தாளக் கருவிகளைத் தொடவும் எத்தனை சபைகளில் அழைக்கிறோம்? ஏமானின் மூன்று மகள்களையும் வேதாகமம் எண்ணிச் சொல்கிறது. தாலந்து இருக்கும் ஒரு தங்கை கல்யாணமாகி வேறு ஊர் போய்விடுவாள் என்று கணக்குப் பார்க்காதீர்கள். போகிற ஊரிலும் ஒரு சபை இருக்கிறது.

ஆராதனை நடத்துகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆராதனைத் தலைவருக்குக் குரல் வளம் வேண்டும், அதைவிட வேதாகம வாசிப்பு வேண்டும். ஞாயிறுக்குரிய வேதபாடங்களை வாரத் தொடக்கத்திலேயே ஆயரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் வரவேண்டும். சனி இரவு பாட்டு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேர்வு ஆகாது. ஒரு கீர்த்தனை, ஒரு பாமாலை, ஒரு புதுப்பாட்டு என்று மூன்று தலைமுறைக்கும் வாய் திறக்க இடம் வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் நீண்ட பிரசங்கம் வேண்டாம். ஒரு சரணத்தில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்தும் ஓர் அடி பின்னால் நகர்ந்து பாருங்கள். சபை தன் குரலைத் தானே கேட்கும். தன் குரலைக் கேட்ட சபை அடுத்த சரணத்தை இன்னும் தைரியமாகப் பாடும். ஆராதனைத் தலைவர் ஒருவர் நன்றாகச் செய்தாரா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவு இதுதான்: எத்தனை பேர் பாடினார்கள்?

காசு விஷயம். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில், லேவியருக்கும் பாடகருக்கும் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் தங்கள் தங்கள் வயலுக்குப் போய்விட்டார்கள் என்று இருக்கிறது. நெகேமியா பாடகர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அதிகாரிகளைக் கேட்டார். பிறகு அவர்களைக் கூட்டி மறுபடி தங்கள் இடத்தில் நிறுத்தினார். நம் கமிட்டிகள் லட்சக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் வாங்குகின்றன. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கிற ஆசிரியருக்குப் பஸ் காசு கொடுக்கக் கணக்குத் தலைப்பு இல்லை என்கின்றன. இசை ஊழியத்துக்கு ஒதுக்குகிற தொகையில் முதல் பங்கு கற்பிப்பவருக்குப் போகட்டும். கருவி பிறகு வாங்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் 1963-ஆம் ஆண்டு வழிபாட்டுச் சாசனம், குருமடங்களில் இசைப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரவேண்டும் என்றும், அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கவேண்டும் என்றும் எழுதி வைத்தது. அந்தத் திருச்சபையில்தான் 1977-இல் திருச்சியில் கலைக்காவிரி தொடங்கியது. இன்று அது இசையும் பரதமும் கற்பிக்கிற கல்லூரி. நிறுவனமாக நின்று செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது கண்முன் இருக்கிற சான்று.

கடைசியாக, என் வயதையொத்தவர்களிடம் ஒரு வார்த்தை. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரம் லேவியருக்கு 25 வயதில் வேலை தொடங்குகிறது என்றும் 50 வயதில் அந்த வேலையிலிருந்து நீங்கவேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கியபிறகு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. தன் சகோதரரோடு நின்று உதவி செய்யச் சொல்கிறது. ஐம்பது என்ற எண்ணை நான் சட்டமாக வைக்கச் சொல்லவில்லை. ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தை நம் கையாலேயே இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் பக்கத்தில் உதவியாக உட்காருகிற சில ஆண்டுகள் நம் ஊழியத்தில் இருக்கவேண்டும். திடீரென்று உடம்பு முடியாமல் விட்டுப் போகிற ஊழியம் சபைக்குப் பாரமாகிவிடும். பாட்டை வேகமாக எடுக்கிறான், புது கார்டு போடுகிறான் என்று அந்தத் தம்பியைப் பற்றி வெளியே குறைசொல்லாதீர்கள். ஆராதனை முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டு, எந்தச் சரணத்தில் சபை பின்தங்கியது என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவனே சரிசெய்வான்.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு சபையிடமும் நான் கேட்பது அதிகம் இல்லை. திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் பத்துக் கீர்த்தனைகளையாவது தாளத்தோடு மனப்பாடமாகக் கற்றுக்கொடுங்கள். அவர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பெண் பிள்ளையாக இருக்கட்டும், ஒருவர் இதுவரை யாரும் அழைக்காத வீட்டிலிருந்து வரட்டும். ஒருவருக்கு ஆர்கனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், மற்றவருக்கு ஆராதனை நடத்துகிறவருக்குப் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். கற்றுக்கொடுக்கிற ஆசிரியருக்குரிய தொகையை இந்த ஆண்டு வரவுசெலவிலேயே எழுதிவிடுங்கள். வருகிற ஞாயிறு முதல் ஆமெனை ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை வாசிக்கட்டும்.